வெளிநாட்டு லேபுக்குப் போகும் முன்: புவி அறிவியல் பிஎச்டி மாணவர்களுக்கு

போன மாதம் மத்திகெரேயில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சேலத்திலிருந்து வந்து இங்கே பெங்களூரில் பிஎச்டி இரண்டாம் வருடம் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, ஜெர்மனிக்கு அப்ளை பண்ணட்டுமா, ஜப்பானுக்கா? எதுல ஈசியா கிடைக்கும்?" "உன் கல்லுல இன்னும் எது தெரியாம இருக்கு, அதை முதல்ல சொல்லு" என்றேன். சாம்பார் சாதம் ஆறும் வரை யோசித்தான். பதில் வரவில்லை.

வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கே போய் என்ன செய்யலாம் என்று தேடினால், விண்ணப்பத்தின் இரண்டாவது பத்தியிலேயே அது தெரிந்துவிடும். கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் நாடும் லேபும் தானாக நாலைந்துக்குள் சுருங்கிவிடும். எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்பதை இனி வரிசையாகச் சொல்கிறேன். கிளம்பும் தேதிக்குக் குறைந்தது பதினெட்டு மாதம் முன்னால் ஆரம்பிக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி

நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி இருக்கிறதல்லவா, சந்திரயான்-2 சோதனைக்காக நிலவு மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ எடுத்த அனார்த்தோசைட் பாறை அந்த வட்டாரத்தினுடையதுதான். ஏறக்குறைய 250 கோடி வருடப் பாறை. அந்தப் பாறைத் தொகுதியில் கிடக்கும் கார்னெட் என்ற கனிமம் எப்போது வளர்ந்தது என்பது என் தீசிஸில் ஓர் அத்தியாயம். அந்தப் பழைய காலத்து வெப்பத்திலும் அழுத்தத்திலுமே வளர்ந்துவிட்டதா, இல்லை, வெகு பின்னால் சுமார் 55 கோடி வருடம் முன்பு கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது வளர்ந்ததா? இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். இதைத் தீர்க்க கார்னெட்டையே நேராக வயது பார்க்க வேண்டும். அதற்கு லுட்டீசியம்–ஹாஃப்னியம் முறை உண்டு, அந்த இரண்டு தனிமங்களின் அளவை வைத்து வயது கணக்கிடுவது. லுட்டீசியம்-176 அழிந்து ஹாஃப்னியம்-176 ஆகிறது, அரை ஆயுள் ஏறக்குறைய 3,700 கோடி வருடம், கார்னெட் வளரும்போதே லுட்டீசியத்தை ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கேள்வி இந்த அளவுக்குக் கூர்மையானதும், நான் யாரிடம் போக வேண்டும் என்பது ஒரு காகிதத்தில் எழுதக்கூடிய பட்டியலாகிவிட்டது.

அடுத்து, இந்த வேலை இங்கேயே முடியுமா என்று நேர்மையாகப் பாருங்கள். இது பலரும் தவிர்க்கிற கேள்வி. ரேடியோகார்பன் தேதிதான் வேண்டும் என்றால் டெல்லியில் ஐயுஏசி என்ற ஆக்சிலரேட்டர் மையத்தில் அதற்கான வசதி இருக்கிறது, பாறை வயது பார்க்கும் தேசிய ஜியோகுரோனாலஜி வசதியும் அங்கேதான். ஒரு வாரம் டெல்லி போய் முடிக்க வேண்டிய வேலைக்கு ஆறு மாத வெளிநாட்டுப் பயணம் கேட்டால் தேர்வுக் குழு சும்மா விடாது. வெளிநாடு போவதற்கு நல்ல காரணங்கள் உண்டு: ஒரு முறையில் இருபது வருடம் கைப்பழக்கம் உள்ள குழு, உங்கள் பாறையோடு ஒப்பிட வேண்டிய பாறை, அல்லது அந்த நிலத்தில் நின்றால்தான் புரியும் களம். கடைசியது முக்கியம். கிழக்குத் தொடர்ச்சி மலையும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தவை. அந்தக் கேள்வி உங்களுடையது என்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைவிடக் கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆய்வு மையமான என்சிபிஓஆர் வழியாக இந்திய அண்டார்டிகப் பயணத்தில் இடம் கேட்பதுதான் சரியான வழி. மைத்ரி, பாரதி இரண்டு நிலையங்களுக்கும், ஸ்வால்பார்டில் 2008இல் தொடங்கிய ஹிமாத்ரி ஆர்க்டிக் நிலையத்துக்கும் அவர்கள்தான் திட்டங்கள் கேட்கிறார்கள்.

மெயில்

இந்தப் பகுதியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் ஆய்வுகளால் மிகவும் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்கும் மெயில் எந்த லேபிலும் திறந்தவுடன் மூடப்படும். முதல் வரியிலேயே பாறை வர வேண்டும். என் பாறை எங்கே, என்ன கேள்வி, கையில் இப்போது என்ன தரவு இருக்கிறது, உங்கள் லேபில் என்ன செய்ய விரும்புகிறேன், எத்தனை மாதம், காசுக்கு எங்கே விண்ணப்பிக்கப் போகிறேன். இவ்வளவுதான், இருநூறு வார்த்தைக்குள். கூட ஒரே ஒரு பக்கம் இணைப்பு, அதில், பாறையை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் எடுத்த ஒரு தின் செக்‌ஷன் படம், அளவுகோலோடு. அளவுகோல் இல்லாத படம் அனுப்பினால் அந்த ஒரு விஷயத்திலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்கள்.

கைடிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பேராசிரியரோடு உங்கள் கைடுக்குப் பழைய பழக்கமோ பழைய மனக்கசப்போ இருக்கலாம், இரண்டும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நான் ஏழு பேருக்கு எழுதினேன். நாலு பேரிடமிருந்து பதிலே இல்லை. இரண்டு பேர் இடம் இல்லை என்றார்கள். ஏழாமவர் ஒரே வரியில் கேட்டார்: உங்கள் கார்னெட்டுக்குள் சிர்கான் இருக்கிறதா, பார்த்தீர்களா?

நான் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. சிர்கான் இன்னொரு கனிமம், அதில் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு ஹாஃப்னியம், கார்னெட்டிலோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். உள்ளே பொடிப் பொடியாகச் சிர்கான் ஒளிந்திருந்து, அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டால் வரும் வயதுக்கு அர்த்தமே இல்லை. "தெரியவில்லை, மூன்று வாரத்தில் பார்த்துச் சொல்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டு, இங்கே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நேரம் வாங்கி, பதினோரு கார்னெட்டை ஒவ்வொன்றாகப் படமெடுத்தேன். சாம்பல் நிறக் கார்னெட்டுக்குள் பளீரென்று வெள்ளைப் புள்ளிகள், எள்ளைவிடப் பல மடங்கு சிறியவை, ஓரத்தைவிட நடுவில் அதிகம். அந்தப் படங்களை அனுப்பிய இரண்டாம் நாள் அழைப்புக் கடிதம் வந்தது. முழுமையான மெயில் எழுதியதால் கிடைத்த இடம் இல்லை அது. ஒரு நல்ல கேள்விக்கு வேலை செய்து பதில் சொன்னதால் கிடைத்தது. ஆகவே எதிர்க்கேள்வி வந்தால் பயப்படாதீர்கள், கேள்வி கேட்கிறார் என்றால் ஏற்கெனவே பாதி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். ஒன்றே ஒன்று. மெயிலைவிட நல்லது நேரில் பார்ப்பது. ஏப்ரல், மே வாக்கில் வியன்னாவில் இஜியு, டிசம்பரில் அமெரிக்காவில் ஏஜியு என்ற பெரிய புவி அறிவியல் கூட்டங்கள், ஜியோகெமிஸ்ட்ரி ஆட்களுக்குக் கோல்ட்ஷ்மிட் மாநாடு. போஸ்டர் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசியவரை யாரும் சுலபமாக மறப்பதில்லை. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, வெளிநாட்டு ஜியாலஜிஸ்ட் யாராவது பெங்களூர் வந்தால் நாங்கள் முதலில் கூட்டிப்போவது லால்பாக் பாறைக்குத்தான், 300 கோடி வருடம் என்று பலகை வைத்திருக்கும் அதே பெனின்சுலர் நைஸ். அப்படிக் கூட்டிப்போகும் வேலையை நீங்களே முன்வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டிய கல் நம்மிடம் இருக்கிறது, அந்த நிலத்தைக் காலால் நடந்து தெரிந்தவர் நீங்கள். எழுதும்போதும் பேசும்போதும் அந்தத் தைரியம் இருக்கட்டும்.

காசு

ஒவ்வொரு திட்டத்துக்கும் தேதி வருடாவருடம் மாறும், அந்தந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் பிஎச்டி பதிவு செய்தவர்கள் அமெரிக்கா போக ஃபுல்பிரைட்–நேரு டாக்டோரல் ரிசர்ச் ஃபெலோஷிப் இருக்கிறது, 6 முதல் 9 மாதம். விண்ணப்பித்த நாளிலிருந்து விமானம் ஏறும் நாள் வரை ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். பிஎச்டி கடைசி வருடத்தில் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் பிரயோஜனம் இல்லை. ஜெர்மனிக்கு டாட் (DAAD) என்ற அந்த நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பின் குறுகிய கால ஆய்வு உதவி ஆறு மாதம் வரை, அதைவிட நீளமாக இரண்டு நாட்டு கைடுகள் சேர்ந்து வழிநடத்தும் வகையும் உண்டு. பிரான்ஸுக்கு ராமன்–ஷார்பாக் ஃபெலோஷிப். பிரிட்டனுக்குக் காமன்வெல்த் ஸ்ப்ளிட்-சைட், பிஎச்டி இங்கேயே, ஒரு வருடம் வரை அங்கே. பிரதமர் ஆய்வு ஃபெலோஷிப்பான பிஎம்ஆர்எஃப்பில் இருப்பவர்களுக்கு வருடம் 2 லட்சம் ஆய்வு நிதி இருக்கிறது, அதைப் பயணத்துக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று உங்கள் நிறுவனத்து ஆபீஸில் கேளுங்கள்.

நில அதிர்வு, காலநிலை மாடலிங் பக்கம் இருப்பவர்கள் இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில் உள்ள ஐசிடிபி என்ற சர்வதேச இயற்பியல் மையத்தை விட்டுவிடாதீர்கள். 1964இல் அப்துஸ் சலாம் தொடங்கியது, நம்மைப் போன்ற நாடுகளின் மாணவர்களுக்காகவே. இரண்டு வாரப் பயிற்சிப் பட்டறைக்குத் தேர்வானால் தங்கும் செலவு, சிலருக்கு விமானச் செலவும் தருகிறார்கள். முதல் வெளிநாட்டு அனுபவத்துக்கு ஆறு மாதத்தைவிட இந்த இரண்டு வாரம் நல்ல ஆரம்பம் என்பது என் எண்ணம்.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் 2015இல் கொழும்பில் கிளம்பி, அரபிக்கடலில் லட்சுமி பேசினில் துளையிட்டு, மும்பையில் கரை சேர்ந்தது. எக்ஸ்பெடிஷன் 355 என்பார்கள். இரண்டு மாதம், தினமும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஒரே கப்பலில் பல நாட்டு ஆட்கள். அந்தக் கப்பல் போன ஐஓடிபி என்ற சர்வதேசக் கடலடித் துளையிடும் திட்டம் 2024இல் முடிந்துவிட்டது. இப்போது ஜப்பானும் ஐரோப்பாவும் சேர்ந்து ஐஓடிபி-கியூப்ட் என்று 2025இல் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். இந்திய மாணவருக்கு அதில் என்ன வழி என்று என்சிபிஓஆரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கப்பலில் எடுத்த தரவு முதல் ஒரு வருடம் போனவர்களுக்கு மட்டும், பிறகு எல்லோருக்கும் பொது. போக முடியாவிட்டாலும் கடலடியில் துளையிட்டு எடுத்த அந்தப் பழைய கோர்களிலிருந்து சாம்பிள் கேட்டு விண்ணப்பிக்கலாம், நிறையப் பேருக்கு இது தெரியாது.

அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் நிறுவனத்தில் என்ஓசியும் லீவும். வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் இங்கத்து ஃபெலோஷிப் நிற்குமா, தொடருமா? வாய்ப்பேச்சாக அல்ல, எழுத்தில் வாங்குங்கள்.

விசா, கைச்செலவு

அமெரிக்காவுக்கு ஜே-1 விசா, அதற்கு அங்கிருந்து டிஎஸ்-2019 படிவம் வர வேண்டும், பெங்களூரில் இருப்பவர்கள் நேர்காணலுக்குப் பெரும்பாலும் சென்னைக்குப் போகிறோம். ஐரோப்பாவில் 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா, அதற்குமேல் அந்த நாட்டின் தேசிய விசா. இரண்டும் வேறு வேறு வரிசை, வேறு வேறு காத்திருப்பு. மூன்று மாதம் எட்டு நாள் என்று திட்டம் போட்டவர்கள் அந்த எட்டு நாளைக் குறைக்க முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். என் பாஸ்போர்ட்டில் நாமக்கல் முகவரி, இருப்பது பெங்களூர் ஹாஸ்டலில். அதனால் போனஃபைடு சான்றிதழோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன் என்ற கடிதத்தையும் சேர்த்து வைத்தேன்.

முதல் மாதச் செலவு கையில் இருக்க வேண்டும். ஸ்டைபெண்ட் போய் இறங்கிய நாளில் வராது. ஜெர்மனியில் வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை கேட்கலாம், சட்டமே அதை அனுமதிக்கிறது. சீனியர் ஃபெலோஷிப்பான எஸ்ஆர்எஃப்பில் மாதம் 42,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் இடம் உண்டா என்று அழைப்புக் கடிதம் வந்த வாரமே கேட்டுவிடுங்கள். வெட்கப்படாதீர்கள், கேட்டால்தான் கிடைக்கும். அங்கே வாடகை வீட்டில் குடியேறியதும் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, அது இல்லாமல் பேங்க் கணக்கு முதல் எல்லாமே இழுக்கும்.

கல்லைக் கட்டுவது

கல்லாக எடுத்துப்போகாதீர்கள், பிரித்தெடுத்த கனிம மணியாக எடுத்துப்போங்கள். எனக்குக் கிடைத்தது நாலு மாதம். அதே லேபுக்கு என்னோடு வந்திருந்த வேறொரு நாட்டு மாணவி ஆறு கிலோ பாறை கொண்டுவந்திருந்தாள். உடைக்கவும் சலிக்கவும் மணி பொறுக்கவும் அவளுக்கு ஏழு வாரம் போயிற்று, பாவம். நான் இங்கேயே ஜா கிரஷரில் உடைத்து, சல்லடையில் 250 முதல் 500 மைக்ரான் அளவைப் பிரித்து, காந்தப் பிரிப்பானில் ஓட்டி, மைக்ராஸ்கோப் அடியில் ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அரிசியில் கல் பொறுக்குவதைத் தலைகீழாக்கினால் அதுதான். வெள்ளைப் புள்ளி தெரிந்த மணி ஒரு பக்கம், சுத்தமான இளஞ்சிவப்பு மணி ஒரு பக்கம். ஒரு சாம்பிளுக்கு அரை கிராம் சேர மூன்று நாள். ஐந்து சாம்பிள், ஐந்து சின்னக் குப்பி, சட்டைப் பையில் அடங்கிவிடும். முழுப்பாறைப் பொடியும் தனியாக வேண்டும், வயதைக் கணக்கிடும் ஐசோக்ரான் கோட்டுக்கு அது இல்லாமல் முடியாது. எதில் உடைத்தீர்கள், எதில் அரைத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள், அந்த லேபில் கட்டாயம் கேட்பார்கள்.

நிறுவனத்து லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் அவசியம்: ஆய்வுக்கான பாறை, கனிம மாதிரி, இத்தனை கிராம், வணிக மதிப்பு இல்லை, யாருக்குப் போகிறது. கார்னெட் என்றால் நகைக்கடைக் கல் ஞாபகம் வரும் ஆட்களும் உண்டு, அதனால் "பாறையிலிருந்து பிரித்த கனிமத் துகள்" என்று தெளிவாக எழுதச் சொன்னேன்.

தென் கடற்கரை மணலில் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் தோரியம், ஆகவே அது அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. கடற்கரை மணல் கனிமங்களின் ஏற்றுமதியையே 2018 முதல் அரசு நிறுவனமான ஐஆர்இஎல் வழியாக மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கொஞ்சம்தானே என்று பையில் போட்டுக்கொண்டு ஏர்போர்ட் போகாதீர்கள், நிறுவனத்தில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு கட்டுங்கள். மண் மாதிரி அமெரிக்காவுக்கு என்றால் அங்கத்து விவசாயத் துறையின் அனுமதி வேண்டும், அதை அந்த லேப்தான் வாங்கித்தர வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் ஃபீல்டு ஷூவின் அடியில் ஒட்டிய சேற்றைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

ட்ரோன் எடுத்த உயர மாடல், துல்லியமான ஜிபிஎஸ் தரவு வைத்திருப்பவர்கள் 2021 பிப்ரவரியில் வந்த புவிசார் தரவு விதிகளைப் படியுங்கள். கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்ற எல்லையைவிடத் துல்லியமான தரவை இந்தியாவில்தான் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு சர்வரில் ஏற்றும் முன் இதைக் கைடோடு பேசிவிடுங்கள்.

அங்கே போன பிறகு

முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, அலுப்பாக இருந்தாலும் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். கார்னெட்டைக் கரைப்பது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில். அது தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் போகலாம், உள்ளே எலும்பு வரை வேலை செய்யும். கால்சியம் குளுகோனேட் ஜெல் எந்த டிராயரில் இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். இங்கே எத்தனை வருடம் லேபில் இருந்திருந்தாலும் அங்கே உங்கள் சாம்பிளை முதலில் தொடாதீர்கள். அவர்களுடைய பழைய ஒரு பாறையில் முழு வேலையையும் ஒருமுறை செய்து, தெரிந்த வயது வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் உங்கள் குப்பியைத் திறங்கள். எனக்கு இதற்கு மூன்று வாரம் ஆனது, ஒரு நாள்கூட வீண் இல்லை.

பேப்பரில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் மாதத்திலேயே, நல்ல மனநிலையில் எல்லோரும் இருக்கும்போதே பேசி மெயிலில் எழுதிவிடுங்கள். இதைப் பேசக் கூச்சப்பட்டு, இரண்டு வருட உழைப்பில் மூன்றாவது பெயராக நின்ற ஒரு நண்பரைத் தெரியும். மிச்ச மணி யாரிடம் இருக்கும், அதில் பின்னால் வேறு யாராவது வேலை செய்தால் உங்களைக் கேட்பார்களா என்பதும் அந்த மெயிலிலேயே வரட்டும்.

வரும்போது ஃபீல்டு ஆட்கள் செய்யும் ஒரு தவறு, அங்கே வாங்கிய சாட்டிலைட் மெசேஜர் கருவியைப் பையில் போட்டு எடுத்து வருவது. அந்த ஊர் மலையில் அது உயிர்காக்கும் கருவி, இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். ட்ரோனும் அப்படித்தான், 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. இரண்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசி வாரத்தில் வயதை மட்டும் எழுதிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலிருந்து வந்த மூலக் கோப்புகள், அன்றன்று ஓட்டிய மதிப்பு தெரிந்த ஸ்டாண்டர்டு, சாம்பிளே இல்லாமல் ஓட்டிய பிளாங்க் அளவுகள், சாம்பிளோடு அளந்து கலக்கும் ஸ்பைக் கரைசல் எந்தத் தேதியில் அளவிட்டது, கணக்குப் போட்ட ஷீட், லேப் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் படம் என்று எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் எடுங்கள். பேப்பர் அனுப்பிய எட்டாம் மாதம் ஒரு ரிவ்யூவர் என் மூன்றாவது சாம்பிளின் பிளாங்க் என்ன என்று கேட்டார். அந்த லேபில் என்னோடு வேலை செய்தவர் அதற்குள் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். பதில் என் நோட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், காபிக் கறைக்குப் பக்கத்தில் பென்சிலில் இருந்தது.